எடை இறங்கட்டும், தெம்பு இறங்கக் கூடாது!

உடல் பருத்த பெரியவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும் போதாது, நடை மட்டும் போதாது. இரண்டும் ஏன் சேர வேண்டும், ராமநாதபுரம் கடற்கரையில் அதை எப்படிச் செய்யலாம்? ஒரு சிறப்புப் பார்வை.

ராமேஸ்வரம் பள்ளிவாசல் தெருவில் வாழ்ந்த ஜைனுலாப்தீன் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துவிடுவார். தொழுகை முடிந்ததும் வீட்டிலிருந்து நான்கு மைல் தள்ளியிருந்த தம்முடைய சிறிய தென்னந்தோப்புக்கு நடப்பார். திரும்பி வரும்போது ஏறக்குறைய ஒரு டஜன் தேங்காய் தோளில் தொங்கும். அதன் பிறகுதான் காலைச் சாப்பாடு. அறுபது வயதைத் தாண்டி எழுபதை நெருங்கிய காலத்திலும் இந்த வழக்கத்தை அவர் விடவில்லை என்று அவருடைய மகன் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருக்கிறார். 102 ஆண்டுகள் வாழ்ந்து 1976-ல் மறைந்தார் அந்தப் பெரியவர்.

ஒருவருடைய நீண்ட ஆயுளுக்கு நடை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தக் காலைப் பொழுதில் என்னென்ன இருந்தன என்று பாருங்கள். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேலை கொடுக்கும் நீண்ட நடை. தோளுக்கும் முதுகுக்கும் தொடைக்கும் வேலை கொடுக்கும் சுமை. ஆடம்பரமில்லாத எளிய வாழ்க்கை. வயதான, உடல் பருத்த ஒருவருக்கு இன்றைய முதியோர் மருத்துவம் பரிந்துரைப்பதும் இதே சேர்க்கைதான்: நடை, தசைக்கு வேலை, அளவான சாப்பாடு. மூன்றில் ஒன்றை விட்டாலும் பலன் குறைகிறது என்பதற்கு இப்போது தெளிவான ஆதாரங்கள் இருக்கின்றன.

உழைப்பு நின்றது, சாப்பாடு நிற்கவில்லை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோர ஊர்களில் ஐம்பது வயது வரை உடம்பு சும்மா இருந்ததே இல்லை. கரைவலை இழுத்த தோள்கள், வல்லத்தைத் தள்ளிய கால்கள், மீன் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக நடந்த பெண்கள், தீவுகளைச் சுற்றிக் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுத்த பெண்கள். அந்த உழைப்புக்கு ஒரு தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது.

ஒருநாள் கடலுக்குப் போவது நின்றுவிடுகிறது. முழங்கால் வலிக்கிறது, பிள்ளைகள் ‘போதும்பா’ என்கிறார்கள். கூடை சுமந்த அம்மா ஷேர் ஆட்டோவில் ஏறுகிறார். கீழக்கரை போன்ற ஊர்களில் வெளிநாட்டு வருமானம் வீட்டுக்குள் வசதிகளைக் கொண்டுவந்துவிட்டது. மிக்சியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்த பிறகு வயதான பெண்களுக்கு வீட்டு வேலையில் இருந்த அசைவும் குறைந்துவிட்டது. சாப்பாட்டின் அளவு மட்டும் பழைய உழைப்புக் காலத்து அளவிலேயே நிற்கிறது. ரேஷன் அரிசி வீட்டுக்கு வருகிறது, மூன்று வேளையும் அரிசியே தட்டை நிறைக்கிறது. இடையில் டீயும் வடையும், ராத்திரி பரோட்டா. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர இவ்வளவு போதும்.

இது இந்த மாவட்டத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழகப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு அல்லது உடல் பருமனோடு இருந்தார்கள். இவர்கள்தான் நாளைய முதியவர்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் உள்ளிட்டோர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 20 வயதைக் கடந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது. தமிழகத்தில் நீரிழிவு 14.4 சதவீதம்.

நமக்கு எடை இயந்திரத்தைவிட அளவு நாடா நல்ல சாட்சி. மேலைநாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே இந்தியர்களுக்கு வயிற்றுக் கொழுப்பும் நீரிழிவும் வந்துவிடுகின்றன. அதனால்தான் அங்கே பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 30-ல் தொடங்கும் உடல் பருமன் இங்கே 25-லேயே தொடங்குவதாகக் கணக்கு. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய முதியவர் ‘நான் குண்டு இல்லையே’ என்று நிம்மதியாக இருக்க முடியாது. அவருக்குக் கொழுப்பு அதிகம், தசை குறைவு. இரண்டு ஆபத்தும் ஒரே உடம்பில் இருக்கின்றன.

இளைத்துவிட்டால் போதுமா?

‘எடையைக் குறைங்க’ என்று மருத்துவர் சொன்னதும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான்: சோற்றைக் குறைப்பது. ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டு ரெண்டு பிஸ்கட்டும் பாலும். சில மாதங்களில் எடை இறங்கும், முகம் வாடும். ‘சோத்தக் கொறச்சதும் தெம்பே போயிருச்சு’ என்ற புலம்பல் தொடங்கும். அந்தப் புலம்பலில் உண்மை இருக்கிறது.

பட்டினி கிடந்து எடையைக் குறைக்கும்போது உடம்பு கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை, தசையையும் கரைக்கிறது. எலும்பின் அடர்த்தியும் குறைகிறது. இருபத்தைந்து வயதுக்காரருக்கு இது பெரிய இழப்பு அல்ல. வயதின் காரணமாகவே ஆண்டுதோறும் தசையை இழந்துகொண்டிருக்கும் எழுபது வயதுக்காரருக்கு அது பெரிய இழப்பு. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, படி ஏற முடியாது, கால் இடறினால் சமாளிக்க முடியாது. விழுந்தால் இடுப்பெலும்பு முறியலாம். அதன் பிறகு பலருக்குக் கட்டில்தான்.

இந்த அச்சத்தால்தான் ‘வயதானவர்களை எடை குறைக்கச் சொல்லலாமா?’ என்று மருத்துவர்களே நீண்ட காலம் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்துக்கு ஓர் ஆய்வு பதில் சொன்னது.

107 பேர், ஓர் ஆண்டு, நான்கு குழுக்கள்

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், டென்னிஸ் வில்லாரியல் தலைமையிலான குழு 65 வயதைக் கடந்த, உடல் பருத்த, உடல் தளர்ச்சி தொடங்கிவிட்ட 107 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தது. ஒரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடு மட்டும், இன்னொன்றுக்கு உடற்பயிற்சி மட்டும், மூன்றாவதற்கு இரண்டும். நான்காவது குழுவுக்கு இரண்டும் இல்லை. ஓராண்டு முடிவுகள் 2011-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயின.

அவர்கள் எடையை மட்டும் பார்க்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுவது, தரையில் கிடக்கும் நாணயத்தைக் குனிந்து எடுப்பது, சட்டை போடுவது, படி ஏறுவது, நின்ற இடத்தில் முழுவதுமாகத் திரும்புவது என்று அன்றாட வேலைகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். மொத்தம் 36 மதிப்பெண். உணவுக் கட்டுப்பாடு மட்டும் இருந்தவர்களுக்கு இந்த மதிப்பெண் 12 சதவீதம் கூடியது. பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 15 சதவீதம். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 21 சதவீதம். எதுவும் செய்யாதவர்களுக்கு வெறும் 1 சதவீதம்.

எடையைப் பார்த்தால், பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது இறங்கவே இல்லை. ‘தினமும் நடக்கிறேன், வயிறு குறையவில்லையே’ என்று கேட்பவர்களுக்கான விடை இதில் இருக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டுக் குழு 10 சதவீத எடையையும், இரண்டும் செய்த குழு 9 சதவீத எடையையும் குறைத்தன. எடை இழப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் உணவை மட்டும் குறைத்தவர்கள் கொழுப்பு நீங்கலான உடல் எடையில் 5 சதவீதம் இழந்தார்கள். பயிற்சியும் செய்தவர்கள் 3 சதவீதம்தான். இடுப்பெலும்பின் அடர்த்தியில் உணவை மட்டும் குறைத்தவர்களுக்கு 3 சதவீத இழப்பு, இரண்டும் செய்தவர்களுக்கு 1 சதவீதம். ஒரே அளவு இளைத்த இரண்டு பேரில் ஒருவருடைய எலும்பும் தசையும் பெருமளவு காப்பாற்றப்பட்டுவிட்டன.

அந்த ஆய்வில் உணவைக் கண்மூடித்தனமாகக் குறைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு நாள் தேவையிலிருந்து 500 முதல் 750 கலோரிதான் வெட்டினார்கள். ஒவ்வொரு கிலோ உடல் எடைக்கும் சுமார் ஒரு கிராம் நல்ல புரதம் கிடைக்குமாறு பார்த்துக்கொண்டார்கள். கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்தார்கள். பயிற்சி வாரம் மூன்று நாள், நாளுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரம், குழுவாக.

நடை மட்டுமா, பளுவும் வேண்டுமா?

அடுத்த கேள்விக்கும் அதே வில்லாரியல் 2017-ல் பதில் தந்தார். உடல் பருத்த 160 முதியவர்கள். உணவுக் கட்டுப்பாட்டோடு பயிற்சியும் செய்த குழுக்களில் ஒன்றுக்கு நடை போன்ற, மூச்சு வாங்கவைக்கும் பயிற்சி, இன்னொன்றுக்குப் பளுப் பயிற்சி, மற்றொன்றுக்கு இரண்டும். ஆறு மாதத்தில் மூன்று குழுக்களும் சுமார் 9 சதவீத எடையைக் குறைத்தன. அன்றாட வேலைத் திறன் முதல் இரண்டு குழுக்களுக்கு 14 சதவீதம் கூடியது. இரண்டும் சேர்த்துச் செய்தவர்களுக்கு 21 சதவீதம். நடை மட்டும் செய்தவர்கள் கொழுப்பு நீங்கலான உடல் எடையில் 5 சதவீதம் இழந்தார்கள், பளு மட்டும் தூக்கியவர்கள் 2 சதவீதம், இரண்டும் செய்தவர்கள் 3 சதவீதம். எலும்பு இழப்பும் நடைக் குழுவுக்கே அதிகம்.

நம் ஊர்களில் ‘வாக்கிங் போறேன்’ என்பதோடு உடற்பயிற்சி முடிந்துவிடுகிறது. நடை அவசியம். ஆனால் எடை குறைக்கும் முதியவருக்கு அது பாதிதான். தொடை, இடுப்பு, முதுகு, தோள் ஆகியவற்றின் தசைகளுக்கு எதிராக ஒரு பளு இருக்க வேண்டும். தேங்காய்ச் சுமையும் கரைவலையும் தண்ணீர்க் குடமும் ஒரு காலத்தில் செய்த வேலை அது.

முழங்கால் வலிக்காரர்கள் ‘எனக்கு இது ஆகாது’ என்று விலகத் தேவையில்லை. மூட்டுத் தேய்மானம் உள்ள, பருத்த முதியவர்களிடம் நடந்த ஆய்வு, ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று காட்டியது. 454 பேரிடம் ஒன்றரை ஆண்டு நடந்து 2013-ல் வெளியான இன்னோர் ஆய்விலும், உணவும் பயிற்சியும் சேர்ந்த குழுவுக்கே வலி நன்றாகக் குறைந்தது.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. 70 முதல் 89 வயது வரையிலான 1,635 அமெரிக்கர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2014-ல் வெளியானது. நடை, கால் வலுப்பயிற்சி, சமநிலைப் பயிற்சி மூன்றையும் தொடர்ந்து செய்தவர்களுக்கு, நடமாட்டத்தை இழக்கும் ஆபத்து 18 சதவீதம் குறைந்தது. 400 மீட்டர் நடக்க முடியாமல் போவதையே அவர்கள் நடமாட்டத்தை இழப்பதாகக் கொண்டார்கள். ராமநாதசுவாமி கோயிலின் மூன்றாம் பிரகாரத்தை ஒருமுறை சுற்றினால் அரை கிலோமீட்டருக்கும் மேல். நிழல், சமதளம், வாகனம் இல்லை. ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர் நிற்காமல் அந்தப் பிரகாரத்தை ஒரு சுற்று சுற்ற முடிந்தால் அந்த எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். அதுவே முதல் இலக்காக இருக்கட்டும்.

தட்டில் என்ன மாற வேண்டும்?

500 கலோரியை வெட்டுவது பட்டினி அல்ல. நாளுக்கு நான்கு டீ குடிப்பவர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரையை விட்டால் சுமார் 160 கலோரி போகும். மதியமும் இரவும் சேர்த்து 200 கிராம் சோறு குறைத்தால் சுமார் 260. மாலை வடை ஒன்றை விட்டால் இன்னொரு நூறு. கணக்கு முடிந்தது.

குறைத்த இடத்தில் எதை வைக்கிறோம் என்பதே முக்கியம். இந்தியர்களின் உணவில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்தும், 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் வருவதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2025-ல் சொன்னது. கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு இதைச் சரிசெய்வது எளிது. சாளை, சூடை, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் விலை குறைவு, புரதம் நிறைவு. 100 கிராம் மீனில் ஏறத்தாழ 18 முதல் 20 கிராம் புரதம் கிடைக்கும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலியில் கால்சியமும் உண்டு. பெரிய மீனை விற்றுவிட்டுச் சின்ன மீனைக் கருவாடாக்கும் வீடுகளில், வீட்டுப் பெரியவர் தட்டுக்கு முதலில் இந்தச் சின்ன மீன் வரட்டும். குழம்பாகவோ அவியலாகவோ இருக்கட்டும். எண்ணெயில் பொரித்தால் எண்ணெயின் கலோரியும் சேர்ந்துகொள்ளும். கருவாட்டில் உப்பு அதிகம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் எப்போதாவது மட்டும் தொட்டுக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புதான் எல்லை.

மீன் சாப்பிடாதவர்களுக்குப் பருப்பு, சுண்டல், மொச்சை, மோர், முட்டை. ராமநாதபுரம் சீமையின் கேப்பையும் கம்பும் குதிரைவாலியும் அரிசிக்கு நல்ல மாற்று. 100 கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. ஆனால் சிறுதானியமும் மாவுச்சத்துதான், அளவு தேவை. கருப்பட்டியும் சர்க்கரைதான். கீழக்கரைத் தொதலும் விருந்துப் பிரியாணியும் பண்டிகைக்கு உரியவை, தினசரிக்கு அல்ல.

தட்டைக் கண்ணால் பிரித்துக்கொள்ளுங்கள். பாதி காய், கீரை. கால் பங்கு மீன் அல்லது பருப்பு. கால் பங்கு சோறு. இத்தனை நாள் சோற்றின் ஓரத்தில் ஒட்டிக்கிடந்த வெஞ்சனம் இனி தட்டின் நடுவுக்கு வரவேண்டும்.

ஒரு வாரத் திட்டம்

*நடை:* வாரம் ஐந்து நாள். பத்து நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல முப்பது நிமிடம். பேச முடியும், பாட முடியாது என்ற வேகம். காலை ஏழுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். இந்தக் கரையின் பகல் வெயில் முதியவர்களுக்கு ஆகாது. கடற்கரையில் நடப்பவர்கள் ஈர மணலில் நடக்கலாம். கால் புதையும் மணல் மூட்டுக்கும் சமநிலைக்கும் சோதனை.

*தசை:* வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுவது. சுவரில் கை வைத்துத் தள்ளுவது. குதிகாலை உயர்த்தி இறக்குவது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டைத் தூக்கி இறக்குவது. கயிற்றையோ ரப்பர் பட்டையையோ வலை இழுப்பதுபோல் இழுப்பது. ஒவ்வொன்றும் எட்டு முதல் பன்னிரண்டு முறை. எளிதாகிவிட்டால் பளுவைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் தசை வளராது.

*சமநிலை:* தினமும் சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி, பிறகு மறுகால்.

*அளவு:* மாதம் ஒருமுறை இடுப்புச் சுற்றளவு, எடை, முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்ற எண்ணிக்கை. எடை இறங்கி, எழும் எண்ணிக்கையும் இறங்கினால் வழி தப்பிவிட்டது. புரதமோ தசைப் பயிற்சியோ போதவில்லை என்று பொருள்.

*வேகம்:* வாரம் அரை கிலோவுக்கு மேல் இறங்கத் தேவையில்லை. 80 கிலோ உள்ளவர் ஓராண்டில் எட்டு கிலோ குறைத்தாலே செயின்ட் லூயிஸ் ஆய்வு கண்ட பலனை எதிர்பார்க்கலாம்.

யார் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்து நடக்கவும் தொடங்கினால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டும். ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் இது பொருந்தும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரமலான் நோன்பு, விரத நாட்களில் கடினமான பயிற்சி வேண்டாம்.

இந்தக் கரையில் ஒல்லியான முதியவர்களும் நிறைய உண்டு. அவர்களுக்கு எடைக் குறைப்பு வேண்டாம். வயிறாரச் சாப்பாடும் தசைப் பயிற்சியும் போதும். முயற்சி செய்யாமலே எடை இறங்கினால் மகிழ வேண்டாம். அது நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

தனி ஆளால் முடியாது

இந்த ஆய்வுகளில் யாரும் தனியாக விடப்படவில்லை. பயிற்றுநர் இருந்தார், உணவு ஆலோசகர் இருந்தார், கூடச் செய்ய ஆட்கள் இருந்தார்கள். நம் முதியவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டை நீட்டி ‘எடையைக் குறைங்க, நடங்க’ என்று சொல்லி அனுப்புவது சிகிச்சை ஆகாது.

தமிழகத்தில் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் ரத்தக் கொதிப்பு, நீரிழிவு மருந்துகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீடு வரை கொண்டுபோகிறது. 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் கண்டது. ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் செயல்படுகிறது. நடைபாதையோடு தசைப் பயிற்சியும், மாத்திரையோடு புரதம் பற்றிய அறிவுரையும் சேர வேண்டும். மீனவக் கிராமங்களின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வாரம் மூன்று நாள் கூட ஓர் இடமும், மாதம் ஒருமுறை வந்து பார்க்க ஓர் இயன்முறை மருத்துவரும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில், பிள்ளைகளும் கரையில். அப்பாவோடும் அம்மாவோடும் சேர்ந்து இதைப் பழக்கமாக்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

‘வயசாச்சு, இனிமே என்ன பயிற்சி?’ என்று அவர்கள் சொல்வார்கள். செயின்ட் லூயிஸில் பயிற்சியைத் தொடங்கியவர்கள் எல்லாருமே 65-ஐக் கடந்தவர்கள், தளர்ச்சி தொடங்கிவிட்டவர்கள். ஓராண்டில் அவர்களுடைய தெம்பு கூடியது. அறுபத்தைந்தில் முடிந்தது நம் பெற்றோருக்கும் முடியும். இந்த வாரம் சோற்றை ஒரு கரண்டி குறைத்து மீனை ஒரு துண்டு கூட்டுங்கள். நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணிச் சுவரில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த எண் கூடியிருந்தால், இறங்கிய ஒவ்வொரு கிலோவும் நல்ல வழியில் இறங்கியது என்று நம்பலாம்.